புது சர்வரும் பழைய எக்ஸ்பியும்: பேச மறுத்தால் என்ன செய்வது?

வீட்டில் புதிதாக ஒரு நாஸ் பெட்டி வாங்கி வைக்கிறீர்கள். புது லேப்டாப்பில் எல்லாம் சரியாகத் திறக்கிறது. ஆனால் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் மட்டும் "அப்படி ஒரு சர்வரே இல்லை" என்கிறது. அல்லது இதன் மறுபக்கம்: பத்து வருடமாக உழைக்கும் நாஸ் பெட்டியை, நேற்று வாங்கிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் திறக்க மறுக்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்தான். இந்த நோய்க்கு நான் முதலில் கொடுத்த மருந்து தவறானது. சரியானதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

கும்பகோணத்தில் என் சித்தப்பா ஒரு சின்ன பிரஸ் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். மூன்றில் விண்டோஸ் 10. நான்காவது, விண்டோஸ் எக்ஸ்பி. "எக்ஸ்பியை இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டாம். அதில் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது. யூனிகோட் வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அந்த எழுத்துரு சாஃப்ட்வேர் ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்னால், பழைய பிரிண்டர் செருகும் அந்த 25 துளை போர்ட்டில் ஒரு டாங்கிள் செருகியிருக்க வேண்டும். பதினான்கு வருடப் பத்திரிகைகள் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. "அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச அதே டிசைன் வேணும்" என்று வருபவர்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள். எனவே எக்ஸ்பி அங்கே இருக்கும்.

எல்லா ஃபைல்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று, கல்லூரியில் படிக்கும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு 16.04 போட்டு, அதில் சம்பாவை நிறுவி ஃபைல் சர்வர் ஆக்கிக் கொடுத்திருந்தேன். பல வருடம் தொந்தரவே இல்லை. அந்த உபுண்டுவுக்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2021 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. ஒரு வருடம் தள்ளிப்போட்டு, 2022 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் 18.04-க்கும், அங்கிருந்து 20.04-க்கும் ஒரே நாளில் மாற்றினேன். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் சோதித்தேன். ஃபோல்டர் திறந்தது. திருப்தியாகச் சென்னைக்குப் பஸ் ஏறினேன். எக்ஸ்பியில் சோதிக்கவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் பிரஸ்ஸுக்கு ஆடிதான் சீசன், ஆவணிக் கல்யாணங்களுக்கு அப்போதுதான் பத்திரிகை அடிப்பார்கள். சுதந்திர தின விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் போன் வந்தது.

"என்னடா பண்ணிட்டுப் போனே? சர்வரைக் காணோம்ங்குது. சாயங்காலத்துக்குள்ள மூணு பத்திரிகை பிளேட்டுக்குப் போகணும்."

எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் ஃபோல்டரைத் திறப்பது ஒரே காரியம் போலத் தெரியும். உள்ளே அது பல படிகளாக நடக்கிறது. முதலில் ஒயர் அல்லது வைஃபை. பிறகு பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டுபிடிப்பது. பிறகு "நாம் எந்த மொழியில் பேசுவது" என்ற ஒப்பந்தம். பிறகு பாஸ்வேர்ட். கடைசியில்தான் ஃபோல்டருக்குள் நுழையும் அனுமதி. எந்தப் படியில் தடுக்கி விழுந்தாலும் விண்டோஸ் காட்டும் செய்தி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் நாம் குழம்பிப் போகிறோம். ஆளுக்கொன்று சொல்லும் பத்து யோசனைகளையும் ஒன்றாகச் செய்து பார்ப்பவர்கள் பலர். கடைசியில் வேலை செய்யும். ஆனால் எதனால் வேலை செய்தது என்று தெரியாது. எதையெல்லாம் திறந்து வைத்தோம் என்பதும் தெரியாது.

போனிலேயே பார்க்கக்கூடியதை முதலில் பார்த்தேன். மற்ற மூன்று கம்ப்யூட்டர்களும் சர்வரைத் திறக்கின்றன. ஆக, சர்வர் உயிரோடு இருக்கிறது. எக்ஸ்பியிலிருந்து பிங் கொடுத்தால் பதில் வருகிறது. ஆக, ஒயர் சரி.

அடுத்தது பெயர். "மை நெட்வொர்க் ப்ளேசஸ்" பட்டியலில் சர்வர் தெரியவில்லை என்றார் டிடிபி அக்கா. இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். பட்டியலில் தெரியாமல் இருப்பது வேறு, திறக்க முடியாமல் இருப்பது வேறு. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பழைய முறை நெட்பயாஸை நம்பி இருந்தது. புதிய விண்டோஸ்கள் வேறு முறைக்கு மாறிவிட்டன. எனவே நன்றாக வேலை செய்யும் சர்வர்கூடப் பட்டியலில் தெரியாமல் போகலாம். பட்டியலை மறந்துவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ரன் திறந்து, இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு சர்வரின் ஐபி முகவரியை நேராக டைப் செய்யுங்கள். இப்படி: \\192.168.1.10. திறந்துவிட்டால் பிரச்சினை பெயரில் மட்டும்தான். அந்த முகவரியை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அக்கா டைப் செய்தார். திறக்கவில்லை. "குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தது. பெயரே கொடுக்காமல் எண்ணைக் கொடுத்தாலும் பெயர் இல்லை என்கிறது! அப்போதுதான் எனக்குச் சந்தேகம் மூன்றாவது படியின் மேல் போனது.

மொழி ஒப்பந்தம்

விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பேசும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. லினக்ஸில் இதைப் பேசும் சாஃப்ட்வேர்தான் சம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை கம்ப்யூட்டரில் இருந்த அகராதிப் பட்டியலில் தேடியபோது கிடைத்த பெயர் அது. பிரேசில் நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த மொழிக்குப் பல தலைமுறைகள் உண்டு. எக்ஸ்பிக்கும் அதற்கு முந்தைய விண்டோஸ்களுக்கும் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. விஸ்டாவில் எஸ்எம்பி 2 வந்தது. விண்டோஸ் 7-ல் 2.1. விண்டோஸ் 8-ல் 3.0. விண்டோஸ் 10-ல் 3.1.1. இரண்டு கம்ப்யூட்டர்கள் சந்தித்ததும் ஃபோல்டரைத் திறக்க வந்தது "எனக்கு இன்னின்ன மொழி தெரியும்" என்று ஒரு பட்டியலை நீட்டுகிறது. சர்வர் அதில் தனக்கும் தெரிந்த மிகப் புதிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் சர்வர் தொடர்பை வெட்டிவிடும். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துவது போல. வெளியே நிற்கும் எக்ஸ்பிக்குக் காரணம் தெரியாததால் "பெயர் இல்லை" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவைக்கிறது.

ஆகவே காரணத்தைச் சர்வரிடம்தான் கேட்க வேண்டும். சம்பாவின் லாக் அளவை 3-க்கு உயர்த்திவிட்டு, எக்ஸ்பியில் இன்னொரு முறை முயலச் சொன்னேன். லாக்கில் "நோ ப்ரோட்டோகால் சப்போர்டட்" என்ற வரி வந்து நின்றது. பொது மொழி இல்லை என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

2019 செப்டம்பரில் வந்த சம்பா 4.11-லிருந்து எஸ்எம்பி 1 தானாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. உபுண்டு 20.04 அந்த மாற்றத்துக்குப் பிந்தையது. விண்டோஸ் பக்கம் இது இன்னும் முன்பே நடந்துவிட்டது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சர்வர் பகுதி வருவதில்லை.

ஏன் அணைத்தார்கள்? 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல ஸ்தம்பித்தன. விண்டோஸில் எஸ்எம்பி 1 எழுதப்பட்டிருந்த விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்திருந்தது. 2014-லேயே கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட வேண்டி வந்தது. உங்களிடம் எக்ஸ்பி இருந்தால் கேபி4012598 என்ற அந்தப் பேட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சம்பாவில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். (அதே மே மாதம் சம்பாவில் வேறொரு பெரிய ஓட்டை வெளிவந்தது, அது தனிக்கதை.) ஆனால் எஸ்எம்பி 1-க்கு அது மட்டும் குறை அல்ல. அதில் குறியாக்கம் இல்லை. நடுவில் ஒருவன் உட்கார்ந்து பேச்சைத் திருத்தினால் கண்டுபிடிக்கும் வசதியும் புதியவற்றில் இருப்பதுபோல இல்லை.

பாஸ்வேர்ட் சரிதான், அனுப்பும் விதம்தான் தவறு

சென்னையிலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து, சம்பாவின் செட்டிங் ஃபைலில் "சர்வர் மின் ப்ரோட்டோகால்" என்ற வரியைச் சேர்த்து அதற்கு "என்டி1" என்று மதிப்புக் கொடுத்தேன் (ஃபைலில் இவற்றை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்). என்டி1 என்பது எஸ்எம்பி 1-ன் இன்னொரு பெயர். சம்பாவை மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

எக்ஸ்பி இப்போது பாஸ்வேர்ட் கேட்டது. முன்னேற்றம்! அக்கா டைப் செய்தார். மறுபடி கேட்டது. மறுபடி டைப் செய்தார். மறுபடி. "தம்பி, பாஸ்வேர்டையும் மாத்திட்டீங்களா?" என்றார்.

மாற்றவில்லை. இங்கேதான் பெரும்பாலோர் பாஸ்வேர்டை ரீசெட் செய்வது, எல்லோருக்கும் முழு அனுமதி கொடுப்பது என்று இறங்கிவிடுகிறார்கள். பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் அப்படியே போவதில்லை. சர்வர் ஒரு எண்ணைக் கொடுக்கும். அதையும் பாஸ்வேர்டையும் கலந்து கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கணக்குப் போடும் முறைக்கும் தலைமுறைகள் உண்டு: எல்எம், என்டிஎல்எம், என்டிஎல்எம் 2. எக்ஸ்பி வழக்கமாக முதல் இரண்டு முறைகளில்தான் விடை அனுப்பும். அவை இன்று எளிதில் உடைக்கக்கூடியவை. 2016-ல் வந்த சம்பா 4.5-லிருந்து என்டிஎல்எம் 2 மட்டுமே ஏற்கப்படுகிறது. லாக்கிலும் "என்டிஎல்எம்வி1 அனுமதி இல்லை" என்ற வரி பாஸ்வேர்ட் முயற்சி ஒவ்வொன்றுக்கும் இருந்தது.

பழைய சர்வரில் இருந்தது சம்பா 4.3. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் புதிய பதிப்புக்குத் தாவியதால், 2016-ல் போட்ட பூட்டும் 2019-ல் போட்ட பூட்டும் ஒரே நேரத்தில் எங்கள் தலையில் விழுந்தன. ஒன்றைத் திறந்த பிறகுதான் இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்குச் சரியான தீர்வு எக்ஸ்பி பக்கம் இருக்கிறது. எக்ஸ்பிக்கு என்டிஎல்எம் 2 தெரியும், பயன்படுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரன் பெட்டியில் ரெஜ்எடிட் கொடுத்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், எல்எஸ்ஏ என்று வரிசையாகத் திறந்து போங்கள். வலது பக்கம் "எல்எம் கம்பேட்டிபிலிட்டி லெவல்" என்ற பதிவு இருக்கும். அதன் மதிப்பை 0-லிருந்து 3 ஆக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கை வைக்கும் முன் ரெஜிஸ்ட்ரியை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் சர்வரின் பாஸ்வேர்ட் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை.

பாஸ்வேர்ட் படியில் இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸ் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் நுழைய விடாது. முன்பு ஏதோ ஒரு பெயரில் நுழைந்து, டிரைவ் மேப் ஆகிக் கிடந்தால், புதிய பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஏற்காது. பழைய மேப்பிங்குகளை நீக்கிவிட்டு, லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்து பாருங்கள்.

அன்று நான் செய்தது

இவ்வளவும் எழுதிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? போனில் அக்காவுக்கு ரெஜிஸ்ட்ரியைச் சொல்லிக்கொடுக்கப் பொறுமையில்லை. ஆபீஸில் மீட்டிங் வேறு. சர்வரிலேயே என்டிஎல்எம் பழைய முறையையும் அனுமதிக்கும் வரியைச் சேர்த்தேன். பத்து நொடியில் ஃபோல்டர் திறந்தது. மூன்று பத்திரிகைகளும் சாயங்காலம் பிளேட்டுக்குப் போயின. சித்தப்பா சந்தோஷம். நானும் மறந்துவிட்டேன்.

சம்பாவில் இந்த வரிகள் மொத்த சர்வருக்கும் பொருந்தும். "இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்" என்று இதே வரியில் எழுத வழியில்லை. ஒரு எக்ஸ்பிக்காக, பதினான்கு வருட ஃபைல்கள் இருக்கும் சர்வரின் கதவை எல்லோருக்கும் பழைய பூட்டுக்கு மாற்றியிருந்தேன். நாஸ் பெட்டிகளில் "மினிமம் எஸ்எம்பி" என்று வரும் செட்டிங்கும் இப்படித்தான், முழுப் பெட்டிக்கும் ஒன்றே.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சர்வரில் விசித்திரமான காட்சி. ஒவ்வொரு ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு வாடிக்கையாளர் போட்டோ கொண்டுவந்த பென் டிரைவை எக்ஸ்பியில் செருகியிருக்கிறார்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் நாம் எல்லோரும் பார்த்த அதே ஷார்ட்கட் வைரஸ். ஃபைல்கள் எதுவும் போகவில்லை, ஒரு மணி நேரத்தில் மீட்டுவிட்டேன்.

நேர்மையாகச் சொன்னால், இந்த வைரஸுக்கும் எஸ்எம்பி 1-க்கும் நேரடித் தொடர்பு இல்லை. எக்ஸ்பிக்கு எழுதும் அனுமதி இருந்தது, அதன் வழியாகவே அது வந்தது. எஸ்எம்பி 3 பேசும் கம்ப்யூட்டராக இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஷார்ட்கட் வைரஸாக இல்லாமல் ரான்சம்வேராக இருந்திருந்தால், அதே அனுமதியில் பதினான்கு வருடத்தையும் பூட்டியிருக்கும். பேட்ச் வராத ஒரு கம்ப்யூட்டரைக் கடையின் மொத்தச் சொத்தோடும் நேரடியாகக் கட்டி வைத்திருந்தது நான்தான்.

நடுவில் ஒரு திண்ணை

என் அலமாரியில் சும்மா கிடந்த ஒரு ராஸ்பெரி பையை எடுத்துப் போனேன். எக்ஸ்பியை ஸ்விட்சிலிருந்து கழற்றி, அதன் ஒயரை நேராகப் பையில் செருகினேன். இதற்குக் கிராஸ் கேபிள் தேவையில்லை, சாதாரண கேபிளே போதும். இரண்டுக்கும் தனியாக 10.0.0.1, 10.0.0.2 என்று முகவரிகள். கடையின் மற்ற நெட்வொர்க்குக்குப் பை வைஃபை மூலம் இணைகிறது. எக்ஸ்பியிலிருந்து இன்டர்நெட்டுக்கும் வழியில்லை, சர்வருக்கும் வழியில்லை. அது பார்க்கக்கூடிய ஒரே இடம் பைதான். எஸ்எம்பி 1 பேசுவது அந்த ஒரு மீட்டர் ஒயரில் மட்டும். பையில் உள்ள சம்பாவிடம் "இன்டர்ஃபேசஸ்" வரி மூலமும், "பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி" வரி மூலமும், ஒயர் பக்கம் வருபவர்களிடம் மட்டும் பேசச் சொல்லிவிட்டேன். எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியை 3 ஆக்கியதும் அப்போதுதான். பெரிய சர்வரில் நான் சேர்த்த இரண்டு வரிகளையும் நீக்கினேன்.

பையில் இருப்பது "திண்ணை" என்று ஒரு ஷேர், அதற்குள் "கொடு", "வாங்கு" என்று இரண்டு ஃபோல்டர்கள். அக்கா முடித்த வேலையை "வாங்கு" ஃபோல்டரில் போடுவார். பெரிய சர்வர் தானே வந்து அதை ஆர்சிங்க் மூலம் எடுத்துக்கொள்ளும். (ஆர்சிங்க்கை எழுதியவர்களில் ஒருவரும் அதே ட்ரிட்ஜெல்தான்.) ஒரே பெயரில் புதிய ஃபைல் வந்தால் பழையதை அழிக்காமல் தேதியிட்ட ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். பழைய பத்திரிகை வேண்டுமென்றால் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து சர்வரின் "கொடு" ஃபோல்டரில் போட்டால் அது திண்ணைக்கு வந்து சேரும். எக்ஸ்பி அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. எக்ஸ்பியில் எந்த வைரஸ் வந்தாலும் கெடுவது திண்ணையில் கிடப்பது மட்டும்தான்.

முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி வைத்தேன். "அப்ப நான் டீ குடிச்சிட்டு வர்றேன் தம்பி" என்றார் அக்கா. ஒரு நிமிடமாக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். திருத்திய பத்திரிகை சர்வருக்கு வரவில்லை, பழையதே இருக்கிறது என்றார்கள். மீண்டும் ப்ரோட்டோகால், பாஸ்வேர்ட் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரி. எக்ஸ்பியின் தேதி மட்டும் 2002 ஜனவரி என்று இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது, இரவு மின்சாரத்தை அணைத்ததும் கடிகாரம் பின்னால் போய்விட்டது. நான் ஆர்சிங்க்கில் "சர்வரில் இருப்பது புதிதாக இருந்தால் தொடாதே" என்ற ஆப்ஷனை வைத்திருந்தேன். இன்று திருத்திய ஃபைல் 2002-ம் ஆண்டுத் தேதியுடன் வந்ததால், அது பழையது என்று ஆர்சிங்க் ஒதுக்கிவிட்டது. அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு, சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போடச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பேட்டரியை முதலில் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு வினோதமும் சிலருக்கு வரலாம். டிஸ்க்கில் நான்கு டெராபைட் காலியாக இருக்கும், ஆனால் பழைய சாஃப்ட்வேர் "இடம் இல்லை" என்னும். அவ்வளவு பெரிய எண்ணை எண்ணத் தெரியாததுதான் காரணம். சம்பாவில் "மேக்ஸ் டிஸ்க் சைஸ்" என்ற வரியில், மெகாபைட் கணக்கில் ஒரு சின்ன எண்ணைக் கொடுத்தால், சர்வர் தன் டிஸ்க் அவ்வளவுதான் என்று பொய் சொல்லும். உண்மையான இடம் குறைவதில்லை.

உங்கள் வீட்டில்

லினக்ஸ் சர்வர் இல்லாதவர்களுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைகீழாக வரும்: பழைய நாஸ், புதிய விண்டோஸ். முதலில் நாஸ் தயாரிப்பாளரின் கடைசி ஃபர்ம்வேரைப் போடுங்கள். பல பெட்டிகளில் எஸ்எம்பி 2 வசதி இருந்தும் செட்டிங்கில் அணைந்து கிடக்கும். அதை ஆன் செய்தாலே வேலை முடிந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால், கண்ட்ரோல் பேனலில் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பகுதியில் எஸ்எம்பி 1.0 இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைக் க்ளிக் செய்தால் உள்ளே மூன்று பிரிவுகள்: க்ளையன்ட், சர்வர், தானாக நீக்குவது. எல்லோரும் மேலே ஒரு டிக் போட்டு மூன்றையும் ஆன் செய்துவிடுகிறார்கள். பழைய நாஸைத் திறந்து பார்க்க உங்களுக்குத் தேவை க்ளையன்ட் மட்டும்தான். சர்வர் பகுதியை ஆன் செய்தால் உங்கள் கம்ப்யூட்டரே எஸ்எம்பி 1-ல் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கும். ஃபைல்களை நாஸிலிருந்து வேறு டிஸ்க்குக்கு மாற்றி முடித்ததும் க்ளையன்ட்டையும் எடுத்துவிடுங்கள்.

2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்புக்கு மாறியவர்களுக்கு இரண்டு புதிய தடைகள் உண்டு. ப்ரோ பதிப்பில், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் முறையில் நாஸைத் திறக்க முடியாது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்றும் அது கேட்கும். கெஸ்ட்டுக்குத் தீர்வு எளிது: நாஸில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி அதில் நுழையுங்கள். கையெழுத்துக்கு நாஸின் செட்டிங்கில் "எஸ்எம்பி சைனிங்" இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் இந்தத் தடைகளை எடுத்துவிடும் வழிகள் உண்டு, ஆனால் அவை ஒரு நாஸுக்காக உங்கள் கம்ப்யூட்டர் போகும் எல்லா இடத்துக்கும் பூட்டைத் தளர்த்துபவை. நான் செவ்வாய்க்கிழமை செய்த அதே வேலை.

ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின்களில் பழையவை பல எஸ்எம்பி 1 மட்டுமே பேசுகின்றன. அவற்றில் பெரும்பாலும் எஃப்டிபி அல்லது பென் டிரைவில் சேமிக்கும் வசதியும் இருக்கும். எஃப்டிபியும் பாதுகாப்பானது இல்லைதான், ஆனால் ஸ்கேன் விழும் ஒரு காலி ஃபோல்டருக்கு மட்டும் அதைத் திறக்கலாம்.

இப்போது யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமா? ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகப் பவர்ஷெல்லைத் திறந்து "கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன்" கட்டளையை ஆங்கிலத்தில் கொடுங்கள். "டயலெக்ட்" என்ற பத்தியில் 3.1.1 என்று இருந்தால் நல்லது. சம்பா சர்வரில் "எஸ்எம்பிஸ்டேட்டஸ்" கட்டளை இதே விவரத்தைக் காட்டும். அங்கே என்டி1 என்று ஒரு வரி தெரிந்தால், அது எந்தக் கம்ப்யூட்டர் என்று தேடிப் போங்கள்.

உபுண்டு 20.04-க்கும் 2025-ல் அப்டேட்டுகள் நின்றன. இம்முறையும் ஆடியில்தான் நேரம் கிடைத்தது. சர்வரை இரண்டு தாவலில் 24.04-க்கு மாற்றினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சித்தப்பா போன். பதறி எடுத்தேன். பேப்பர் கட்டிங் மெஷினின் பிளேடு மழுங்கிவிட்டதாம், சென்னையிலிருந்து வரும்போது வாங்கி வரச் சொன்னார்.